இரண்டாவது சிலிண்டர்

அக்டோபர் 22, ஞாயிறு

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மகள் இந்து வந்தாள். பெருந்துறையிலிருந்து தாராபுரம் வரை தானே காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். மாப்பிள்ளை சபரிநாதன் வரவில்லை. கம்பெனியில் வேலையாம். மாசி மாதக் கல்யாணத்தில் நான் சீராகக் கொடுத்த கார் அது. ஆர்.சி. புத்தகம் மாப்பிள்ளை பெயரில் இருக்கிறது. 'ஆயுத பூஜையை உங்க வீட்லயே போட்டு, அப்படியே சர்வீசும் விட்டுக் கொண்டாந்திரு' என்று சம்பந்தி சொல்லி அனுப்பினாராம். நல்ல யோசனைதான். காரும் பிறந்த வீட்டுக்கு ஒரு தடவை வரவேண்டாமா?

இரண்டு நாள் தங்க வந்த பெண் இரண்டு பெரிய பையும் ஒரு டிராலிப் பெட்டியும் கொண்டுவந்தாள். அவள் அம்மா கலாமணி பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சாம்பாரைப் பார்த்தேன். இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சாமான் அதிகம்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. பாத்திர வாடகைக் கடைக்காரனுக்கு ஆயுதம் என்றால் அண்டா, கரண்டி, இட்லிக் கொப்பரை, சாதம் வடிக்கிற கூடை. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடிப்பதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் கார் பூஜை. அதை நானே செய்தேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முகப்புக்கு மாலை, கண்ணாடியில் பட்டை. அதோடு விட்டிருக்கலாம். பானெட்டைத் திறந்து, என்ஜின் தலைமேல் வாழையிலை போட்டு, பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், அரிந்த பழம் என்று ஒரு படையலே வைத்துவிட்டேன்.

"ஏனுங், அதுக்குள்ள எதுக்குங்க பொரி?" என்றாள் கலாமணி.

"ஓடறது என்ஜின். எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு மட்டும் வெச்சா அது கோவிச்சுக்காதா?"

"பத்தாங் கிளாஸ் மூளை. கேக்கவா வேணும்."

இந்து வாசலில் நின்று சிரித்தாள். வந்ததிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு என்று கலாமணி பிறகு சொன்னாள். நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. இலையை எடுக்கும்போது காற்றடித்துப் பாதிப் பொரி உள்ளே கொட்டிவிட்டது. சாமி சாப்பிட்டதாக இருக்கட்டும் என்று பானெட்டை மூடினேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. மழை. இந்து கிளம்பவில்லை. மழைதான் காரணம்.

அக்டோபர் 25, புதன்

மழை இல்லை. இந்து கிளம்பவில்லை.

அக்டோபர் 26, வியாழன்

சர்வீசுக்கு விடலாமென்று நானும் இந்துவும் காரை எடுத்தோம். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி உதற ஆரம்பித்தது. டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முன்னே போவதற்குப் பதில் முனகியது.

கம்பெனி சர்வீஸ் இருக்கும் ஊருக்கு இந்த உதறலோடு போக முடியாது. அலங்கியம் ரோட்டில் முபாரக் பட்டறைக்கு விட்டோம். முபாரக்குக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தெரியாது என்ற வார்த்தையை இதுவரை அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஏதோ ஒரு பெட்டியைச் சொருகி, பி, பூஜ்யம், மூணு, பூஜ்யம், ரெண்டு என்று படித்தான்.

"மிஸ்ஃபயருங்ணா. ரெண்டாவது சிலிண்டர்."

"அப்படீன்னா?"

"இதுல மொத்தமே மூணு சிலிண்டர். அதுல நடுவுல இருக்கறது நெருப்புப் புடிக்கமாட்டீங்குது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மூன்று பேர் தூக்கிக்கொண்டு போகிற பிரியாணி அண்டாவில் ஒருத்தன் மட்டும் கையை விட்டுவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. அண்டா போகும். ஆனால் மற்ற இரண்டு பேரும் திட்டிக்கொண்டே போவார்கள்.

"எதுனால அப்படி ஆகுது?"

"பெட்ரோல்ல தண்ணிங்ணா. வேற எதுவுமே கிடையாது" என்றான் முபாரக். டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றினோம். நன்றாக ஓடியது. வீட்டு வாசலுக்கு வந்ததும் மறுபடி உதறியது.

இந்துவுக்கு ஒன்றும் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. "மெதுவாப் பாத்துக்கலாங்ப்பா" என்றாள்.

அக்டோபர் 27, வெள்ளி

சம்பந்தி போன் செய்தார்.

"கார் எப்படி இருக்குதுங்?"

"சின்ன உதறலுங்க. பாத்துட்டு இருக்கறோம்."

"உதறலா? நாங்க குடுத்தனுப்பும்போது நல்லாத்தானுங்களே இருந்துச்சு."

நான் கல்யாணத்தன்று கொடுத்தபோதும் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்து, மழையைப் பற்றிச் சொன்னேன். இந்துவிடம் கொடுக்கலாமென்று போனை நீட்டினேன். அவள் தலையாட்டி மறுப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார். பாவம், அவருக்கு ஆயிரம் வேலை.

எதிர்வீட்டு ஈஸ்வரியக்கா குடத்தோடு நின்று, "இந்து இன்னும் இருக்கறாளாட்ட இருக்குது?" என்றார்.

"கார் ரிப்பேருங்கக்கா."

சொன்னதும் எனக்கே ஒரு நிம்மதி. நல்ல பதில். உண்மையும்கூட.

அக்டோபர் 29, ஞாயிறு

முபாரக் வீட்டுக்கே வந்தான். அவன் வந்து உட்கார்ந்ததும் கார் கோயில் யானை மாதிரி அமைதியாக நின்றது. ஊரை இரண்டு சுற்றுச் சுற்றினான். ஒரு உதறல் இல்லை.

"ஒண்ணுமே இல்லீங்ணா. உங்க மனசுதான்."

அவன் பைக் சத்தம் மறைந்தது. நான் சாவியைத் திருப்பினேன். உதறியது. போன் போட்டேன். எதிர்முனையில் அந்த உதறலைக் கேட்டுவிட்டு, "பிளக்குங்ணா. சந்தேகமே வேண்டாம்" என்றான். திரும்பி வந்து மூன்று பிளக்கையும் மாற்றினான். மறுபடி அமைதி. மறுபடி அவன் போனான். மறுபடி உதறல்.

எனக்கு இப்படி ஒரு சித்தப்பா இருந்தார். டாக்டரைப் பார்த்தால் மட்டும் அவருக்கு இருமல் நின்றுவிடும்.

அக்டோபர் 31, செவ்வாய்

முபாரக் இன்று காயில் என்றான். ஒவ்வொரு பிளக்குக்கு மேலேயும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிறதாம். புதிதாக வாங்கி வரக் கிளம்பினான். அடுப்படியிலிருந்து வந்த இந்து, "அண்ணா, இருங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணாவதையும் ரெண்டாவதையும் மாத்திப் போட்டுப் பாருங்க" என்றாள்.

"அதெதுக்கும்மா?"

"காயில் கெட்டிருந்தா கம்ப்ளெய்ன்ட்டும் அது கூடவே ஒண்ணாவதுக்குப் போயிருமில்லீங்களா. போகலைன்னா காயில் நல்லது."

மாற்றிப் போட்டார்கள். கம்ப்ளெய்ன்ட் இரண்டாவதை விட்டு நகரவே இல்லை. "நான் அப்பவே நெனச்சேன்" என்றான் முபாரக்.

இந்து படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன் என்ஜினியரிங். கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தாள். பெண் பார்க்க வந்தபோது, 'எங்க வீட்ல பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கமில்லீங்க' என்றார்கள். பெரிய இடம். நானும் தலையாட்டினேன். தலையாட்டுவதற்குப் பத்தாம் வகுப்பே அதிகம்.

முபாரக் போன பிறகு அடுப்படியில் பேச்சுக் குரல். நான் ஒட்டுக் கேட்கவில்லை. காயிலைத் துடைத்த துணியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"குடிக்கறாரா கண்ணு?"

"இல்லீங்ம்மா."

"கை நீட்டறாரா?"

"இல்ல."

"வேற யாராச்சும்..."

"அய்யோ, அதெல்லாம் இல்லம்மா."

"மாமியா சோறு போடறாளா?"

"போடறாங்க."

"அப்புறம் என்னடி கண்ணு?"

குக்கர் விசில்தான் வந்தது. கலாமணி வெளியே வந்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங். பயப்படறாப்பல ஒண்ணுமில்ல" என்றாள். எனக்கும் ஆறுதலாக இருந்தது.

பெட்ரோல் நல்லது, பிளக் நல்லது, காயில் நல்லது. கார் உதறிக்கொண்டுதான் இருக்கிறது.

நவம்பர் 2, வியாழன்

சம்பந்தி போன். கார் பற்றி விசாரித்தார். டயரில் காற்று சரிபார்க்கச் சொன்னார். வெயிலில் நிறுத்த வேண்டாம், பெயின்ட் வெளுத்துவிடும் என்றார். ஒரு பொருள்மேல் எவ்வளவு அக்கறை. இந்துவைப் பற்றிக் கேட்கத் தொடங்கும்போது லைன் கட்டாகிவிட்டது போலிருக்கிறது. எங்கள் தெருவில் டவர் சரியில்லை.

நவம்பர் 3, வெள்ளி

இன்ஜெக்டர் என்று முடிவாகியிருக்கிறது. பெட்ரோலைப் பீய்ச்சுகிற சின்ன ஊசி அது. முபாரக் ஸ்க்ரூடிரைவர் நுனியை அதன்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். மற்ற இரண்டும் டிக் டிக் என்றன. இரண்டாவது நினைத்தால் டிக் என்றது, நினைக்காவிட்டால் சும்மா இருந்தது. என்னையும் கேட்கச் சொன்னான். கேட்டேன். காதில் கிரீஸ்.

"கோயமுத்தூர்ல இருந்துதான் வரணும். அஞ்சாறு நாளாகும். ஆர்டர் போட்டுறலாங்ளா?"

காயில் வாங்க விடாமல் தடுத்த பெண் இதற்கும் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன்.

"போடுங்கண்ணா. அவசரமில்ல" என்றாள் இந்து.

நவம்பர் 5, ஞாயிறு

ஈஸ்வரியக்கா கேட்டார். இன்ஜெக்டர் என்று சொன்னேன். கடைக்குப் போகும் வழியில் இன்னும் நான்கு பேருக்குச் சொன்னேன். தெற்குத் தெரு முழுக்க இப்போது இன்ஜெக்டர் என்றால் என்னவென்று தெரியும்.

நவம்பர் 6, திங்கள்

தலை தீபாவளிக்குத் தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைப்பதுதான் முறை. பஸ்ஸிலாவது போய்விட்டு வந்துவிடலாம் என்றாள் கலாமணி. முதலில் மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமென்று போன் செய்தேன்.

"தீபாவளிக்கு நீங்க வரணுமுங் மாப்பிள்ளை. எப்ப அழைக்க வரட்டுமுங்?"

"அப்பாகிட்டப் பேசிக்குங்க மாமா."

"சரிங்க. இந்து பக்கத்துலதான் இருக்கறா. குடுக்கட்டுங்களா?"

"கார் ரெடியாயிருச்சுங்களா மாமா?"

இன்னும் இல்லை என்றேன். சரி மாமா என்று வைத்துவிட்டார். அப்பாவிடம் பேசினேன். அழைக்கவெல்லாம் வரவேண்டாம், பார்த்துக்கலாம் என்றார்.

இந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே துண்டை மூன்று தடவை மடித்தாள்.

நவம்பர் 8, புதன்

முகூர்த்தம் ஒன்றும் இல்லை, கடையில் கூட்டமில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சும்மா பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பார்த்தால் எனக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் இந்தப் பதினைந்து நாளில் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

டார்ச் வழுக்கி உள்ளே விழுந்தது. என்ஜினுக்கும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் குழாய்க்கும் நடுவில் கையை விட்டுத் துழாவினேன். கையில் ஏதோ வந்தது. எடுத்துப் பார்த்தால் பொரி.

நமுத்துப் போன பொரி. மறுபடி விட்டேன். பொட்டுக்கடலைத் தோல். மறுபடி விட்டேன். எலிப் புழுக்கை. பிறகு டார்ச்.

அடித்துப் பார்த்தேன். இரண்டாவது இன்ஜெக்டருக்குப் போகிற ஒயரின் தோலை எலி சீராகக் கடித்து உரித்திருக்கிறது. உள்ளே இரண்டு செம்பு நூல் மட்டும் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. தொட்டால் கார் ஓடும். தொடாவிட்டால் உதறும். அந்த ஞாயிற்றுக்கிழமை முபாரக் வந்தபோதெல்லாம் தொட்டிருக்கிறது.

படையல் போட்டு, இலை விரித்து, எலியை விருந்துக்குக் கூப்பிட்டவன் நான். பொரியைத் தின்றுவிட்டு வெற்றிலை பாக்குக்குப் பதில் ஒயரை மென்றிருக்கிறது. பெட்ரோலில் குற்றமில்லை, பிளக்கில் குற்றமில்லை, காயிலில் குற்றமில்லை. இந்தத் தங்கமுத்துக் கவுண்டரிடம்தான் குற்றம்.

"இந்து! ஓடியா கண்ணு, கண்டுபுடிச்சுட்டேன்! எலி!"

வந்தாள். குனிந்து பார்க்கவில்லை.

"தெரியுங்ப்பா."

"என்ன தெரியும்?"

"ஒயர். காயில் மாத்திப் போட்டமில்ல, அன்னிக்கே செல்போன் லைட் அடிச்சுப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏங்கண்ணு சொல்லல? அந்தப் பையன் இன்ஜெக்டர் ஆர்டர் போட்டுட்டானே."

இந்து என் கையிலிருந்த பொரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னா நீங்க சரி பண்ணீருவீங்கல்லப்பா."

உள்ளே போய்விட்டாள்.

நான் பானெட்டை மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து முபாரக்குக்குப் போன் செய்தேன்.

"அந்த இன்ஜெக்டர் வந்துருச்சா?"

"நாளைக்கு வந்துருங்ணா. கண்டிப்பா."

"நாளைக்கே வரணும்னு ஒண்ணுமில்ல. மெதுவா வரட்டும்."

"ஏனுங்ணா, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்றான்.

நவம்பர் 9, வியாழன்

சனிக்கிழமை ஒரு மண்டபத்துக்குப் பாத்திரம் போகவேண்டும். இந்துவும் கடைக்கு வந்தாள். நான் பெரிய அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தேன். அவள் மூடிகளைத் தேய்த்தாள். மழை பிடித்துக்கொண்டதால் கடைக்கு யாரும் வரவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"அவர் எங்கிட்டப் பேசறதில்லீங்ப்பா."

"எப்ப இருந்து?"

"ஆடிக்கு இங்க வந்துட்டுப் போனேனில்ல, அப்ப இருந்து. பழைய கம்பெனியில கூப்பிட்டாங்க, வேலைக்குப் போகட்டுமான்னு கேட்டேன். அன்னிக்கு நிறுத்துனவர்தான்."

"சண்டையா?"

"சண்டை போட்டாக்கூடப் பரவால்லையே. கத்தறதில்ல, வையறதில்ல. சாப்பிட உக்காந்தா, சொம்பு எங்கையில இருக்கும். 'அம்மா, தண்ணி இருக்குதான்னு கேளுங்க'ம்பாரு. அவங்க எங்கிட்டக் கேப்பாங்க. நான் அவங்ககிட்டச் சொல்லுவேன். அவங்க அவர்கிட்டச் சொல்லுவாங்க."

"சம்பந்தியம்மா ஒண்ணும் சொல்றதில்லியா?"

"ஆம்பளைங்க அப்படித்தான், தானாச் சரியாயிரும்ங்கறாங்க."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. இந்து மூடியைத் திருப்பி மறுபக்கம் தேய்த்தாள்.

"அன்னிக்கு வர்றப்ப ரோட்டுல இருக்கற கடை போர்டையெல்லாம் சத்தமாப் படிச்சுக்கிட்டே வந்தேன்ப்பா. டீக்கடை, உரக்கடை, பஞ்சர் கடைன்னு. குரல் வருதான்னு பாக்கறதுக்கு."

இதற்கு ஒரு அப்பன் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "அந்தக் கரண்டியை இப்படிக் குடு" என்றேன். கொடுத்தாள். கரண்டியை ஏற்கெனவே தேய்த்தாகிவிட்டது. மறுபடி தேய்த்தேன்.

நவம்பர் 10, வெள்ளி

காலையில் சம்பந்தி போன்.

"இன்ஜெக்டரு கிஞ்சக்டருன்னு எத்தனை நாளைக்குங்க? நாளைக்கு நானும் பையனும் வர்றோம். ஓடலீன்னா கவுறு கட்டி இழுத்துட்டுப் போயிர்றோம். அப்படியே இந்துவும் வந்தரட்டும்."

"நாளன்னைக்கு தலை தீபாவளிங்களே."

"அதெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாமுங்."

தலை தீபாவளியை அடுத்த வருஷம் எப்படிப் பார்ப்பது என்று யோசித்தேன். எனக்குப் படிப்புப் போதாது.

கலாமணியிடம் ஒயரைச் சொன்னேன். இந்து கடையில் சொன்னதையும் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேசாம இருக்கறதெல்லாம் ஒரு குத்தமுன்னு ஊர்ல சொல்ல முடியுமாங்? என்ன பேசுவாங்க?" என்றாள். அவள் கேட்டதும் நியாயம்தான். அடித்தால் காயத்தைக் காட்டலாம். குடித்தால் பாட்டிலைக் காட்டலாம். இதில் எதைக் காட்டுவது?

ஒரு எலிக்குப் பின்னால் எத்தனை நாள்தான் ஒளிந்துகொண்டிருப்பது? முபாரக்கை வரச்சொன்னேன். ஒயரைப் பார்த்ததும், "இதைத்தான் நான் முதல்லயே சந்தேகப்பட்டேன்" என்றான். புது ஒயர் வைத்துப் பற்றவைத்து, மேலே உறை போட்டு, எலி நுழைகிற இடத்தில் வலை அடித்துக் கொடுத்தான். சாவியைத் திருப்பினேன். சத்தமே தெரியவில்லை.

வாடகைக்குப் போன பாத்திரம் நசுங்கித் திரும்பினால் நான் கடைவாசலில் எவ்வளவு பேச்சுப் பேசுவேன். அவர்கள் பொருள் நசுங்காமல் போய்ச் சேரட்டும்.

இந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனபோது பெட்டியைத் திறந்து வைத்துத் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு கண்ணு?"

"கார் ரெடியாயிருச்சில்லீங்ப்பா."

"கார்தான் ரெடி. உனக்குப் போகணுமுன்னு இருக்குதா?"

கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, இல்லை என்றாள். ஒரே ஒரு சொல். ஆனால் நல்ல சத்தமாகத்தான் வந்தது.

"அப்ப பெட்டியை மேல எடுத்து வை" என்றேன்.

நவம்பர் 11, சனி

பத்து மணிக்கு வந்தார்கள். பஸ்ஸில் வந்து ஆட்டோவில் இறங்கினார்கள். திரும்பிப் போகத்தான் கார் இருக்கிறதே.

சம்பந்தி வாசலிலேயே செருப்போடு காரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரையும் காலால் தட்டினார். மாப்பிள்ளை ஏறி ஸ்டார்ட் செய்தார். சம்பந்தி பானெட்டில் காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். "தேவலாம்" என்றார். ரொம்ப நேரம் இதெல்லாம் நடந்தது. பிறகு வீட்டுக்குள் வந்தார்கள்.

இந்து காபி கொண்டுவந்தாள். சம்பந்திக்குக் கொடுத்தாள். மாப்பிள்ளைக்கு நீட்டினாள். மாப்பிள்ளை டம்ளரை வாங்கிக்கொண்டு, போனைப் பார்த்தபடி, "சக்கரை போட்டிருக்குதான்னு கேளுங்ப்பா" என்றார்.

"சக்கரை போட்டிருக்குதா சாமி?" என்றார் சம்பந்தி.

"போட்டிருக்குதுங் மாமா."

"போட்டிருக்குதாம்ப்பா."

மாப்பிள்ளை குடித்தார். இந்துவின் கை இன்னும் டம்ளர் நீட்டிய இடத்திலேயே இருந்தது. அவ்வளவுதான் தூரம். யாருக்கும் இதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எனக்கு நேற்று முன்தினம் மழையில் காதால் கேட்டது இப்போதுதான் கண்ணால் தெரிந்தது.

அடுப்படி வாசலிலிருந்து கலாமணியின் குரல் வந்தது.

"ஏனுங் மாப்பிள்ளை, அவளுக்குக் காது நல்லாத்தான் கேக்கும். அவகிட்டயே கேக்கலாமில்லீங்?"

மாப்பிள்ளை முதல் முறையாக நிமிர்ந்தார். "பழக்கமுங்த்தை" என்றார்.

"பழக்கமாயிருச்சா? அதைத்தானுங் கேக்கறேன்."

நேற்றுவரை ஊர் என்ன பேசும் என்று கவலைப்பட்ட கலாமணி அல்ல இவள். சம்பந்தி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நேரமாச்சுங்க. இந்துவைக் கிளம்பச் சொல்லுங்க."

எனக்குப் பேச்சு வராது. மண்டபத்தில் பாத்திரம் குறைந்தால்கூடக் கலாமணியைத்தான் பேச அனுப்புவேன். சாவியை எடுத்து டீப்பாயில் வைத்தேன்.

"இத்தனை நாளா காரைக் கேட்டுட்டிருந்தீங்க. கார் சரியாயிருச்சு. ஓட்டிட்டுப் போங்க. இந்து வரமாட்டாளுங்."

"வரமாட்டாள்னா? எப்ப வருவா?"

"அவளுக்கே இஷ்டமிருந்தா வருவா. அதையும் உங்க பையன் அவ மூஞ்சியப் பாத்து, அவகிட்டவே கேக்கட்டும்."

"என்னங்க தங்கமுத்து! எம் பையன் குடிக்கறானா? கை நீட்டறானா? என்ன கொறையைக் கண்டீங்க?"

"அதெல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்துட்டமுங். அதுல எதுவுமில்ல."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். இந்துவும் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அது கோபமாக இருந்தால்கூட, அவளைப் பார்த்து வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவருக்கு நாங்கள் எல்லோருமாக நிறைய நேரம் கொடுத்தோம்.

மாப்பிள்ளை சாவியை எடுத்துக்கொண்டார். "போலாங்ப்பா" என்றார்.

கார் தெருமுனை வரை ஒரு உதறல் இல்லாமல் போய்த் திரும்பியது. முபாரக் தொழில்காரன்தான். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி.

கலாமணி விடியும் முன்பே எண்ணெய் காய்ச்சி வைத்துவிட்டு இந்துவை எழுப்பப் போனாள். போனவள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள். "தூங்கட்டுமுங்" என்றாள்.

ஏழு மணிக்கு ஈஸ்வரியக்கா பலகாரத் தட்டோடு வந்தார். வாசலில் கார் இல்லாததைப் பார்த்தார்.

"கார் சரியாயிருச்சாட்ட இருக்குது?"

"ஆச்சுங்கக்கா."

"அப்ப இந்து போயிட்டாளா?"

தொண்டை வரைக்கும் வேறொரு ரிப்பேர் வந்தது. ரேடியேட்டர், கிளட்ச் என்று எத்தனை இருக்கின்றன. ஆனால் கார் இல்லையே. அதற்குள் உள்ளேயிருந்து கலாமணி வந்தாள்.

"போகலீங்க்கா. இனி போறாப்பலயும் இல்ல. தூங்கறா, மெதுவாப் பேசுங்க."

ஈஸ்வரியக்கா கலாமணியைப் பார்த்தார். பிறகு சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். எங்கள் தெருவில் அவர் மெதுவாகப் பேசி இன்றுதான் கேட்டேன். "எந்திரிச்சதீம் இந்த அதிரசத்தை அவளுக்குக் குடு" என்று தட்டை வைத்துவிட்டுப் போனார். அவர் மூலமாக ஊருக்குத் தெரிய மத்தியானம் ஆகாது. எனக்கு ஒரு வேலை மிச்சம்.

தெருப் பையன்கள் லட்சுமி வெடியோடு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அடுத்த தெருவில் இடம் அகலம் என்று சொல்லி அனுப்பினேன். பெரிய சரத்தோடு வந்த ஒருத்தனுக்கு ஈஸ்வரியக்காவின் அதிரசத்தில் ஒன்றைக் கொடுத்துத் திருப்பினேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். தீபாவளியன்று வெடிக்கு எதிராகக் காவல் இருந்தவன் தாராபுரத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

ஒன்பதரைக்கு இந்து தலை கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். வெயில் வாசலுக்கு வந்திருந்தது.

"ஏனுங்ப்பா, தெருவுல யாருமே வெடி போடலியா?"

"இந்த வருஷம் கொஞ்சம் மந்தந்தான் கண்ணு" என்றேன்.